சென்சஸ் வேலைகளைக் கழித்துப் பார்க்க ஒரு அட்டவணை: எதற்கு உதவும், எதற்கு உதவாது

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் மாதாந்திர வேலைவாய்ப்பு அறிக்கையோடு நிற்காமல், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு (சென்சஸ்) எடுத்த தற்காலிக ஊழியர்களின் எண்ணிக்கையைத் தனி அட்டவணையாகவும் இலவசமாகத் தருகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறைதான் இதற்குப் பெரிய வேலை. அந்தச் சில மாதங்களில் இதைப் புரட்டாமல் அறிக்கையைப் படித்தால் நல்ல மாதம் கெட்டதாகவும் கெட்ட மாதம் நல்லதாகவும் தெரியும்.

2010 மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த அறிக்கைப்படி 4,31,000 வேலைகள் கூடின. அதில் 4,11,000 சென்சஸ் வேலை. மிச்சம் வெறும் 20,000. ஜூனில் 1,25,000 வேலைகள் குறைந்தன. ஆனால் அந்த மாதம் 2,25,000 சென்சஸ் ஊழியர்களின் பணி முடிந்திருந்தது. அதை ஒதுக்கினால் ஒரு லட்சம் வேலை கூடியிருக்கிறது!

பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். அட்டவணையில் இருப்பது அந்த மாதத்தில் சம்பளப் பட்டியலில் இருந்த மொத்த ஆட்கள். 2010 மே மாதத்துக்குச் சுமார் 5,64,000. அதை அப்படியே 4,31,000-இல் கழித்தால் இல்லாத வேலையிழப்பு முளைக்கும். முந்தைய மாதத்து எண்ணை முதலில் கழித்து, வரும் வித்தியாசத்தைத்தான் அறிக்கையின் மாற்றத்திலிருந்து நீக்க வேண்டும். பருவகாலத் திருத்தம் (ஆண்டுதோறும் வழக்கமாக வரும் ஏற்ற இறக்கத்தை நீக்குவது) செய்த எண், செய்யாத எண் இரண்டுக்கும் இதே கழித்தல் போதும். பணியகமே சென்சஸ் ஆட்களை வெளியே எடுத்துவைத்துவிட்டுத் திருத்தம் செய்து, பிறகு சேர்க்கிறது.

இந்தக் கழித்தலே வேண்டாம், தனியார் துறை எண் போதும் என்பது அரைகுறைக் குறுக்குவழி. அதே மே மாதத்தில் தனியார் துறை 41,000 காட்டியது, 20,000 அல்ல. அரசின் பிற பிரிவுகளில் ஆட்கள் குறைந்தது அதில் தெரியாது. சராசரி மணிநேரச் சம்பளத்துக்கு மட்டும் கவலை வேண்டாம். அது தனியார் துறைக்கே கணக்கிடப்படுவதால் சென்சஸ் அதைத் தொடாது.

12ஆம் தேதி அடங்கும் சம்பளக் காலத்தில் ஊதியம் பெற்றவர்களையே இந்த அட்டவணை எண்ணுகிறது. மாதக் கடைசியில் சேர்ந்தவர் அடுத்த மாதக் கணக்கில்தான் வருவார். ஏற்கெனவே வேறு வேலையில் இருப்பவர் மாலையில் சென்சஸ் வேலை பார்த்தால் வேலை எண்ணிக்கை வரும் நிறுவனக் கணக்கெடுப்பில் (சம்பளப் பட்டியல்களை எண்ணுவது) இரண்டு வேலை. வீடுகளில் ஆட்களைக் கேட்டு எடுக்கும் குடும்பக் கணக்கெடுப்பில் அவர் ஒரே ஆள்.

2020இல் தொற்றுக்குப் பின் ஆகஸ்டில் சுமார் 14 லட்சம் வேலைகள் திரும்பியபோது அதில் 2,38,000 சென்சஸ் வேலை. பெரிய எண்ணுக்குள் ஒளிந்துகொண்டதால் அதிகம் பேசப்படவில்லை.

பெரிய குறை ஒன்று. வேலையின்மை விகிதம் குடும்பக் கணக்கெடுப்பிலிருந்து வருவது. அதில் சென்சஸ் ஆட்களைத் தனியாகப் பிரிப்பதில்லை. விகிதத்தில் சென்சஸின் பங்கு எவ்வளவு என்று தேடி வருபவருக்கு இந்த அட்டவணையால் பயனில்லை.