வேலூர்ப் பக்கம் "மண்ணுக்கடியில் குங்குமப்பூ" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள் – 4,85,000 ரூபாய் போய்விட்டது

கோபம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராது. எங்கள் சித்தப்பாவின் ஓய்வுப் பணத்தில் 4,85,000 ரூபாய் பள்ளத்தில் போய்விட்டது. நிஜமாகவே பள்ளம்தான்: ஏசி இல்லாமல் மண்ணின் குளிர்ச்சியிலேயே குங்குமப்பூ பூக்கும் என்று சொல்லித் தோண்ட வைத்த அறை. காட்பாடிக்கும் பாலாற்றுக்கும் நடுவே, வீட்டுக்குப் பின்னால், 20 அடி நீளம், 10 அடி அகலம், எட்டடி ஆழம். இப்போது அதில் முழங்கால் அளவு தண்ணீர். தண்ணீருக்கடியில் குங்குமப்பூக் கிழங்கு அழுகி நாறுகிறது.

விற்றவர்கள் யார் என்று பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. செல்போனில் ஓடும் குட்டி வீடியோக்களில் விளம்பரம் போட்டு, பயிற்சி, அறை பிளான், சாமான், கிழங்கு எல்லாம் "ஒரே பேக்கேஜ்" என்று விற்கும் வகைக் கம்பெனி. பயிற்சிக்கு 15,000. பள்ளம் தோண்டி அறை கட்ட 2,60,000. தட்டு, ஸ்டாண்டு, விளக்கு, கண்ட்ரோலர் 90,000. கிழங்கு 100 கிலோ, கிலோ 1,200 வீதம் 1,20,000. கூட்டினால் 4,85,000.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன். மே மாதம், உச்சி வெயில், வெளியே 41 டிகிரி. அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவைக் கம்பெனியின் மாதிரி அறைக்குள் இறக்கினார்கள். "அப்பா, கைய சுவத்துல வெச்சுப் பாருங்க. ஏசி இல்ல, ஒண்ணும் இல்ல. மண்ணு தர்ற குளிர்ச்சி." சித்தப்பாவை அந்தக் கம்பெனிப் பையன் கடைசி வரை அப்பா என்றுதான் கூப்பிட்டான். 41-லிருந்து சும்மா 29-க்கு இறங்கினாலே யாருக்கும் குளிரத்தான் செய்யும். அறையில் ஒரு தெர்மாமீட்டர்கூட மாட்டியிருக்கவில்லை. அட்வான்ஸ் அன்றைக்கே போய்விட்டது.

பித்தலாட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பத்தடிக்குக் கீழே போனால் மண்ணின் வெப்பம், அந்த ஊரின் வருடச் சராசரிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். அதற்கு மேல் குளிராது. வேலூரில் அந்தச் சராசரி 27, 28 டிகிரி. சந்தேகம் இருந்தால் ஆழமான கிணற்றில் ஒரு வாளி இறைத்து உடனே தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். எட்டடி ஆழத்தில் இன்னொரு தொல்லை: மேலே மே மாதம் அடித்த வெயில் கீழே போய்ச் சேர இரண்டு மாதம் ஆகும். மேலே காற்று குளிர்ந்த பிறகும் கீழே மண் சூட்டை விடாது.

குங்குமப்பூவுக்கு வேண்டியது என்ன? கிழங்குக்குள் மொட்டு உருவாக 23 முதல் 27 டிகிரி. அது சரி, நம் மண் கொடுக்கும். ஆனால் பூ வெளியே வர 17 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கியாக வேண்டும். காஷ்மீர் பாம்பூரில் அக்டோபரில் இயற்கையாகவே அந்தக் குளிர் வருகிறது. 28-லிருந்து 17-க்கு இறக்க, சுற்றிலும் பஃப் பேனல் (சூடு புகாத நுரைப் பலகை) அடித்து, குளிர்பதனக் கிடங்குக்குப் போடும் மாதிரி இயந்திரம் வைக்க வேண்டும். வீட்டு ஸ்பிளிட் ஏசி அந்த அளவில் இரவு பகலாக ஓடினால் காயிலில் ஐஸ் கட்டிக்கொள்ளும். பேனலும் இயந்திரமும் வாங்கிவிட்டால் வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு ரூமே போதுமே, பள்ளம் எதற்கு? பயிற்சியில் காட்டிய வீடியோக்கள் எல்லாம் வெளிநாடு. பொலிவியாவின் உயர்ந்த மலைப் பகுதியில் பள்ளத்துக்குள் தோட்டம் போடுகிறார்கள் என்றால் அது பனியிலிருந்து செடியைக் காப்பாற்ற. லண்டனில் தரைக்கு 33 மீட்டர் கீழே, இரண்டாம் உலகப் போர் கால பதுங்கு சுரங்கத்தில் கீரை வளர்த்தார்கள். குளிர் நாட்டு மண்ணும் கத்திரி வெயில் வாங்கும் நம் மண்ணும் ஒன்றா?

இனி கட்டுமானம். நான் கட்டட வேலையில் இருப்பவன், வெளிநாட்டிலிருந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. ஆற்றோர மணல் கலந்த மண்ணை எட்டடிக்குச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். ஐந்தடிக்கு மேல் போனால் சரிவு விட வேண்டும், இல்லையென்றால் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது சரிந்திருந்தால் பிணம்தான் எடுத்திருப்போம். சுவர் ஆறு அங்குல ஹாலோ பிளாக். 20 அடி நீளத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மண் நனைந்ததும் நீளச் சுவர் வயிறு தள்ளி, நாலாவது வரிசையில் படுக்கையாக வெடிப்பு விட்டிருக்கிறது. வாட்டர்ப்ரூஃப் பூச்சை உள்பக்கம் மட்டும் ஒரு கோட் அடித்திருக்கிறார்கள். தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும்போது உள்பக்கப் பூச்சு அப்பளமாகக் கழன்று வரத்தான் செய்யும்.

தளம்தான் பெரிய கொடுமை. நாலு அங்குல பி.சி.சி., அதாவது வெறும் கான்கிரீட், கம்பியே இல்லை. நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறினால், எட்டடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 225 கிலோ மேல்நோக்கித் தள்ளும். அந்தத் தளத்தின் சொந்த எடை சதுர அடிக்கு 23 கிலோகூட வராது. 200 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் 45 டன். பாதி உயரம் ஏறினாலே தளம் தாங்காது. தாங்கவில்லை. நடுவில் தூக்கி, வெடித்து, அதன் வழியே தண்ணீர் கொப்பளித்தது. உள்ளூர் மேஸ்திரி வேலை நடக்கும்போதே சொல்லியிருக்கிறார்: "இன்னா சார் இது, காலி சம்ப்பையே தண்ணி தூக்கிடும், இதுக்குக் கம்பியும் இல்லன்றீங்க." கம்பெனி இன்ஜினியர் சிரித்துவிட்டு, "இங்கதான் பாலாறே காஞ்சு கெடக்குதே" என்றானாம். 2021 நவம்பரில் அதே பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை வேலூரில் யார் மறந்திருப்பார்கள்? குங்குமப்பூ பூக்கிற அக்டோபர், நவம்பர்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. கிணறு ஏறும் மாதத்தில்தான் இவர்கள் அறுவடை வைத்திருக்கிறார்கள்!

முறையாகக் கட்டுவதென்றால் ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) பெட்டியாகக் கட்ட வேண்டும். அடித்தளம் ஒன்பது அங்குலமாவது இருக்க வேண்டும், சுவருக்கு வெளியே ஓரடி நீண்டிருக்க வேண்டும், அப்போதுதான் மேலே விழும் மண் அதை அழுத்திப் பிடிக்கும். சுவர் எட்டு அங்குலம், இரண்டு பக்கமும் கம்பி வலை, எம்25 தரக் கான்கிரீட். தளமும் சுவரும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் வாட்டர் ஸ்டாப் பட்டை. வாட்டர்ப்ரூஃப் சவ்வு வெளிப்பக்கம் ஒட்ட வேண்டும். அதற்கு வெளியே 20 எம்எம் ஜல்லி, அடியில் துணி சுற்றிய ஓட்டைக் குழாய், அது போய் விழ ஒரு குழி, குழியில் மிதவை சுவிட்சோடு மோட்டார், மழையில் கரண்டு போனால் ஓட்ட இன்வெர்ட்டர். கம்பி அளவை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். இதற்கு 2,60,000 எந்த மூலைக்கு?

கிழங்குக்கு வருகிறேன். "100 கிலோ கிழங்குக்கு ஒரு கிலோ காய்ஞ்ச குங்குமப்பூ, நாங்களே வாங்கிக்கிறோம்" என்பது வாக்கு. ஒரு கிராம் காய்ந்த குங்குமப்பூவுக்கு ஏறக்குறைய 150 பூ வேண்டும். கிழங்கு சராசரி 10 கிராம் என்றால் 100 கிலோவில் 10,000 கிழங்கு. ஒன்றுக்கு ஒன்றரைப் பூ என்று தாராளமாக வைத்தாலும் 15,000 பூ, அதாவது 100 கிராம். சொன்னதில் பத்தில் ஒரு பங்கு! அதுவும் எல்லாம் பூத்தால். எட்டு கிராமுக்குக் கீழே உள்ள கிழங்கு பெரும்பாலும் பூக்காது, இலைதான் விடும். தோட்டக்கலை படித்த என் தங்கை ஒரு தட்டை எடுத்து நகைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஐந்து கிராம், ஆறு கிராம், நாலரை. அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் பழுப்பாக உள்ளே போகிறது. பூசணம் கிழங்கோடு வந்திருக்கிறது, அறையின் சூடும் ஈரமும் அதை வளர்த்துவிட்டன.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊதா நிற எல்இடி, பெட்டியில் 100 வாட், மீட்டரில் 34 வாட். எர்த் இல்லாத இரண்டு கம்பி ஒயர், கரண்டு கசிந்தால் தானே அணையும் ஆர்சிசிபி கிடையாது. ஈர அறையில் இது உயிர்ப்பலி வாங்கும். சித்தப்பா மெயினை அணைத்துவிட்டு இறங்கினார், பிழைத்தார்.

கேட்டால் என்ன சொன்னார்கள்? முதலில், "அப்பா, கிழங்கு நம்ம ஊருக்குப் பழகுது, டைம் குடுங்க." பிறகு, "டீம் ஆம்பூர்ல இருக்கு, வந்துட்டே இருக்காங்க." தண்ணீர் ஊறிய வீடியோ அனுப்பியதும், "அது சிவில் வேலை, அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல, நாங்க டெக்னாலஜி மட்டும்தான்." ஆனால் சிவில் பணம் போனதும் அதே அக்கவுண்டுக்குத்தான். அடுத்து, "மழை நிக்கட்டும்." அப்புறம் அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு. நான் பேசியபோது, "சார், நீங்க யாரு? கஸ்டமர்கிட்ட மட்டும்தான் பேசுவோம்." அன்று மாலையே சித்தப்பாவை வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். 4,85,000 ரூபாய் வாங்கியவர்கள், ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சுருக்கமாக: மாதிரி அறைக்கு சொந்த தெர்மாமீட்டரோடு போங்கள், மதியம் வேண்டாம், அக்டோபரில் போங்கள். தோண்டும் முன் பக்கத்துக் கிணற்றில் கார்த்திகை மாதம் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். கிழங்கை எடை போடாமல் பணம் தராதீர்கள். "நாங்களே வாங்கிக்கிறோம்" என்பதை முத்திரைத்தாளில் விலையோடு எழுதச் சொல்லுங்கள், ஆள் அங்கேயே மறைவான்.

ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை" என்று தள்ளப் பார்ப்பார்கள். பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழில் என்று மனுவில் முதலிலேயே எழுதிவிடுங்கள். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இப்போதே வேறு இடத்தில் சேமியுங்கள், குழுவையே அழித்துவிடுகிறார்கள். இதே ஆட்களிடம் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் யாராவது பணம் கட்டியிருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்தே மனு போடலாம்.