"நாட்டு விதை காம்போ" வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1,650 ரூபாய். தர்மபுரி உழவர் சந்தையில் அந்தக் காசுக்குப் பை பையாகக் காய் வாங்கியிருக்கலாம். நான் வாங்கியது ஏழு காகித உறை நிறையப் பதர். விதை வாங்குவது, முளைக்கப் போடுவது பற்றித் தெரிந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

மாடியில் பந்தல் போட்டுக் கொடி ஏற்றுவது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. பாலக்கோட்டில் இருந்து மாமியார் கொடுத்தனுப்பும் பீர்க்கனும் சுரையும் வருஷா வருஷம் காய்க்கிறது. இந்த ஆடிக்குப் புடலை, மிதி பாகல், பரங்கி, வெள்ளரி என்று சேர்த்துப் போடலாமே என்று தேடிக்கொண்டிருந்தபோது, எல்லோரும் குட்டி குட்டி வீடியோ பார்க்கும் அந்த ஆப்பில் விளம்பரமாக வந்து நின்றது விதை விற்கும் இந்தப் பக்கம். ஏழு வகைக் கொடிக்காய், கலப்பில்லாத நாட்டு ரகம், 1,650 ரூபாய்.

விலை கூடுதலாக இருக்கிறதே என்று கேட்டதும் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, நாங்களும் விவசாயக் குடும்பந்தான். முளைக்கலைன்னா காசு வாபஸ், கவலையே படாதீங்க." பின்னால் மாடு கத்தும் சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் ஒரு வீடியோ. பந்தலில் புடலங்காய் வரிசையாகத் தொங்குகிறது. சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்க, ஒவ்வொரு காயின் நுனியிலும் சணலில் சின்னக் கல் கட்டியிருக்கிறது. காட்டில் வேலை செய்கிற ஆள்தான் இதெல்லாம் பார்த்துச் செய்வான் என்று நினைத்தேன். அந்தக் கல்லைப் பார்த்துத்தான் 1,650 ரூபாயை அனுப்பினேன். ஆப்புக்கு உள்ளே வாங்கும் வசதி இருந்தும், "கமிஷன் போயிடுதுக்கா" என்று தனியாக க்யூஆர் கோடு அனுப்பினார். அதில்தான் போட்டேன்.

வந்த உறைகளில் ரப்பர் ஸ்டாம்பால் காயின் பெயர் மட்டும் குத்தியிருந்தது. தேதி இல்லை, எந்தத் தொகுப்பு விதை என்று காட்டும் குவியல் எண் இல்லை, அனுப்பியவர் முகவரியும் இல்லை. புடலை என்று எழுதிய உறையைப் பிரித்ததுமே எனக்குச் சுருக்கென்றது. புடலை விதை பழுப்பாக, தடியாக, ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். உள்ளே இருந்ததோ பரங்கி உறையில் இருந்த அதே தட்டையான வெள்ளை விதை! மற்ற உறைகளாவது முளைக்கட்டும் என்று பாகலை ஒரு நாள் ஊறவைத்து, வெள்ளரியைச் சில மணி நேரம் ஊறவைத்து, தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும் கலந்த தட்டில் போட்டேன். அதே தட்டின் ஓரத்தில் மாமியாரின் பீர்க்கனையும் ஊன்றினேன். ஒரு வாரத்தில் பீர்க்கன் தலை தூக்கிவிட்டது. காம்போவில் ஒன்றுகூட வரவில்லை. கிளறி எடுத்து ஒரு சுரை விதையை நகத்தால் பிளந்து பார்த்தேன். வெள்ளையாக, எண்ணெய்ப் பசையோடு இருக்க வேண்டிய பருப்பு, பழுப்பேறிக் காகிதம் மாதிரி ஒட்டிக் கிடந்தது. எத்தனை வருஷத்து விதையோ.

இனிமேல்தான் வேடிக்கை. போட்டோ அனுப்பினேன். "வளர்பிறைல போட்டீங்களாக்கா?" வளர்பிறைதான் என்றேன். "இன்னும் பத்து நாள் பாருங்க." பார்த்தேன். "தர்மபுரின்னு சொல்றீங்க, உங்க ஊர்த் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தி, அதான் கருகியிருக்கும்." எனக்கு ரத்தம் கொதித்தது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது உண்மைதான், அதற்காகத்தான் 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, என் தொட்டியில் இருப்பதும் அந்தத் தண்ணீர்தான். அதே தட்டில், அதே தண்ணீரில் பீர்க்கன் மட்டும் எப்படித் தம்பி முளைத்தது என்று கேட்டேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை. மறுநாள் என்னை பிளாக் செய்தாயிற்று.

ஆப்பில் புகார் கொடுத்தால், பணம் வெளியே கைமாறியதால் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். பேங்கில், நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்கிறார்கள். விதை ஆய்வாளரிடம் போகலாம் என்றார் வீட்டுக்காரர். பில் இல்லாமல், லேபிள் இல்லாமல் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கும் நுகர்வோர் புகாருக்கான 1915க்கும் போன் போட்டுப் பதிவு செய்திருக்கிறேன், பார்ப்போம். இதற்கு நடுவில் அதே கல் கட்டிய புடலங்காய் வீடியோ வேறொரு பக்கத்தில், வேறு குரலில் ஓடுகிறது. அங்கே ஒன்பது வகையாம், 1,999 ரூபாயாம். 1,650 போனதோடு ஆடியும் போய்விட்டது. கொடிக்காய்க்கு அடுத்த பட்டம் இனி தையில்தான்.

தெரிந்ததைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். உறையில் ரகம், குவியல் எண், பரிசோதித்த தேதி, காலாவதி தேதி, முளைப்புத்திறன் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கொடிக்காய்களுக்குக் குறைந்தது 60 சதவீதம் முளைப்பு இருக்க வேண்டும் என்பது விதிமுறை. சான்று விதைக்கு நீல அட்டை இருக்கும். தனியாக க்யூஆர் அனுப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மொத்தமாக ஊன்றாமல் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். நம் பக்கத்தில் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, காவேரிப்பட்டணம் பக்கம் பையூரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள். எல்லா விதையும் எப்போதும் இருப்பு இருக்காது, போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.