ஷெட்யூலா, ஸ்கெஜூலா?
schedule-ங்கற இங்கிலீஷ் வார்த்தையை எப்படி உச்சரிக்கறதுன்னு கேட்டா, ரெண்டுமே சரிதாங்க, முதல்ல அதைச் சொல்லிடறேன். பிரிட்டிஷ்காரங்க வழக்கமா ஷெட்-யூல்னு சொல்லுவாங்க, அமெரிக்கால ஸ்கெ-ஜூல், ரெண்டுலயும் அசை ரெண்டுதான், அழுத்தமும் முதல் அசைலதான் விழும். சில பேர் ஸ்கெ-ஜு-வல்னு மூணா இழுக்கறதும் உண்டு.

சண்டையே ஆரம்பச் சத்தத்துலதான். கிரேக்கத்துல பாப்பிரஸ் தாளைக் குறிக்கற ஒரு சொல், அது லத்தீன்ல ஸ்கெடுலா ஆச்சு, அதாவது சின்னத் துண்டுச்சீட்டு, அப்புறம் பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வர்றதுக்குள்ள 'ஸ்க்' தேஞ்சு வெறும் 'ஸ'தான் மிச்சம். ஆமா, மொதல்ல இங்கிலீஷ்ல செட்யூல் மாதிரிதான் சொன்னாங்க! ஷெட்யூல், ஸ்கெஜூல் ரெண்டுமே பின்னாடி வந்த ஆளுங்க. அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர் தன்னோட 1828 அகராதில கிரேக்க மூலத்தப் பாத்து 'ஸ்க்' பக்கம் நின்னாரு, அமெரிக்கால அதுவே நிலைச்சிருச்சு.

"ஸ்கூல்னு சொல்றோம், ஷூல்னா சொல்றோம்?"னு ஸ்கெஜூல் கட்சி மடக்கும். நல்ல பாயிண்ட்தான், ஆனா இங்கிலீஷ்கிட்ட லாஜிக் கேட்டா எப்படி?

நேரப்பட்டியல்ங்கற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டு ரயில் காலத்துல ஒட்டிக்கிட்டது. என் ஓட்டு ஷெட்யூலுக்கு, வாய்க்கு அதுதான் வழவழன்னு வருது. அமெரிக்க டீமோட போன் கால்ல இருந்தா மட்டும் ஸ்கெஜூலுக்கு மாறிப்பேன்.