இரண்டாவது வண்டியாக ஒரு பழைய பிக்கப்
வீட்டில் ஏற்கெனவே கார் இருப்பதால், சுமை ஏற்றுவதற்கென்றே வாங்கிய 10 ஆண்டுப் பழைய டீசல் பிக்கப்பை ஓராண்டு ஓட்டிய பிறகு மதிப்பிடுகிறேன். வாங்கும்போது ஓடோமீட்டரைவிட அடிச்சட்டத்தையே அதிக நேரம் பார்த்தேன். ஏணி போன்ற அந்தச் சட்டத்தைத் துரு உள்ளே அரித்திருந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. அடியில் மட்டும் புதிதாகப் பளபளக்கும் கறுப்புப் பெயின்ட் துருவை மறைக்கப் பூசியதாக இருக்கலாம் என்பதால், அதை நான் நம்புவதில்லை. பின்புற லீஃப் ஸ்பிரிங்குகள் (அடுக்கிய எஃகுப் பட்டை வில்கள்) பாரத்துக்காக அமைந்தவை என்பதால், காலியாகச் செல்லும்போது வண்டி குதிக்கிறது. ஈரச் சாலையில் மேலே பாரமில்லாத பின்சக்கரங்கள் எளிதில் வழுக்கவும் செய்கின்றன. 5 மீட்டரைத் தாண்டும் நீளம் நிறுத்துமிடத்தில் தொல்லைதான். ஆனால் அலமாரியோ மண்மூட்டையோ ஏற்றிய நாளில், அதே வண்டி அடங்கி நிதானமாக ஓடுகிறது. அன்றாடப் பயணத்துக்கு இதை நான் எடுப்பதில்லை.