லத்தீன் பெயரெச்ச அட்டைக்கட்டு: வடிவத்தில் கெட்டி, மொழிபெயர்ப்பில் சறுக்கல்

லத்தீன் பயில்பவர்களுக்கான இந்த அட்டைகளில் ஒரு பக்கம் வினையின் நான்கு முதன்மை வடிவங்கள் (அகராதி தரும் அடிப்படை உருவங்கள்), மறுபக்கம் அதிலிருந்து பிறக்கும் செயப்பாட்டு இறந்தகாலப் பெயரெச்சம். வடிவம் வரையில் இந்த அட்டைக்கட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. நான்காம் வடிவத்தின் 'உம்' ஈற்றை எடுத்துவிட்டு உஸ், ஆ, உம் சேர்க்க வேண்டும்: அமாத்துஸ் (ஆண்பால்), அமாத்தா (பெண்பால்), அமாத்தும் (பொதுப்பால்), அதாவது 'நேசிக்கப்பட்ட'. மித்தோவுக்கு ('அனுப்புகிறேன்') மிஸ்ஸும், ஃபெரோவுக்கு ('சுமக்கிறேன்') லாத்தும் என ஊகித்து எட்ட முடியாதவற்றைத் தனி நிறத்தில் தந்திருப்பது நல்ல யோசனை. அவற்றை உருப்போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

பொருள் சொல்லும்போதுதான் வண்டி தடம் புரள்கிறது. எல்லாவற்றுக்கும் 'பட்ட' ஒட்டியிருக்கிறார்கள். எபிஸ்துலா ஸ்க்ரிப்தா 'எழுதப்பட்ட கடிதம்', சரி. லொகூத்துஸ் 'பேசப்பட்ட' அல்ல, 'பேசிய'. அந்த வினைக்கு உருவம்தான் செயப்பாடு, பொருள் செய்வினை. மிஸ்ஸுஸ் எஸ்த் என்பதை 'அனுப்பப்படுகிறான்' என்று போட்டிருப்பது அப்பட்டமான பிழை. எஸ்த் ('இருக்கிறான்') தனியே நின்றால் நிகழ்காலம். பெயரெச்சத்தோடு சேர்ந்தால் 'அனுப்பப்பட்டான்'.

உர்பே காப்தா போன்ற நீங்கல் வேற்றுமைத் தொடர்களுக்கு (பெயரும் பெயரெச்சமும் அந்த வேற்றுமையில் சேர்ந்து நின்று, முன்பு நடந்ததைச் சொல்பவை) 'கைப்பற்றப்பட்ட நகரத்தால்' என்று எழுதியிருப்பதைப் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. 'நகரத்தைப் பிடித்ததும்' என்றால் முடிந்தது. தமிழ் வினையெச்சம் இதற்கென்றே வார்த்தது போல இருக்கும்போது ஏன் இந்த முரண்டு?

இன்னொன்று: பெயரெச்சம் தனியே வரும் இடங்களில் ஆண்பால் எழுவாய் வடிவம் மட்டுமே அச்சாகியிருப்பதால், எபிஸ்துலா பெண்பால் என்பதை மறந்து, பயில்பவர் 'எபிஸ்துலா ஸ்க்ரிப்துஸ்' என்று எழுதிப் பழகிவிடுவார். வாங்கினால், ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பெண்பால் பெயர்ச்சொல்லைப் பென்சிலால் சேர்த்துக்கொள்ளுங்கள்.