கண்ணாடியா, லாசிக்கா, ஸ்மைலா, ஐசிஎல்லா? முதலில் கருவிழியைக் கேளுங்கள்

கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று நினைக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "லாசிக் நல்லதா, ஸ்மைல் நல்லதா?" என்றுதான். இரண்டும் கண்ணின் பவரைத் திருத்தும் லேசர் சிகிச்சைகள். விளம்பரங்களும் அந்தக் கேள்வியைத்தான் வளர்க்கின்றன: கத்தி இல்லை, தையல் இல்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம். என் கருத்தில் இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் கருவிழி (கண்ணின் முன்புறம் உள்ள தெளிந்த படலமான கார்னியா) எவ்வளவு தடிமன், என்ன வடிவம், உங்களுக்கு என்ன வயது, என்ன வேலை என்ற நான்குக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்தச் சிகிச்சை என்பது அநேகமாகத் தானே முடிவாகிவிடும். எதுவும் வேண்டாம், கண்ணாடியே போதும் என்பதும் அப்படி வரக்கூடிய முழுமையான பதில்தான்.

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன். அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். கிட்டப்பார்வைக்கான லேசர் சிகிச்சைகள் எல்லாமே நடுவில் கொஞ்சம் திசுவை எடுத்து அதைத் தட்டையாக்குகின்றன. எடுத்தது திரும்ப வளராது. லாசிக், பிஆர்கே, ஸ்மைல் மூன்றுக்கும் இது பொது. எந்த வழியாக உள்ளே போகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஐசிஎல் மட்டும் தனி வகை. அது எதையும் எடுக்காமல் கண்ணுக்குள் ஒரு வில்லையைச் சேர்க்கிறது.

லாசிக்கில் முதலில் கருவிழியின் மேற்பரப்பில் 100 முதல் 120 மைக்ரான் கனத்தில் ஒரு மூடியை அறுக்கிறார்கள். சொட்டு மருந்தால் கண் மரத்திருக்கும். இமைகளைக் கம்பிக் கவ்வி ஒன்று விரித்துப் பிடித்திருக்கும். உறிஞ்சு வளையம் கண்ணில் அமரும்போது அழுத்தம் ஏறி, பார்வை சில நொடிகள் மங்கும். சிலருக்கு முற்றிலும் இருட்டிவிடும். முன்கூட்டியே சொல்லி வைக்காத இடங்களில் நோயாளிகள் அந்த நொடியில்தான் பதறிப்போகிறார்கள். பிறகு மூடியை ஒரு பக்கம் ஒட்டியிருக்கப் புரட்டிவைப்பார்கள். புற ஊதா ஒளியால் திசுவை எடுக்கும் எக்சைமர் லேசர் படபடவென்று ஒலிக்கும், கருகல் வாடை வரும், மேலே மினுக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூடியைத் திரும்பப் பொருத்தினால் முடிந்தது. மறுநாள் காலையிலேயே பலருக்குத் தூரத்து எழுத்து துலக்கமாகத் தெரிந்துவிடும். வேகத்தில் லாசிக்கை வெல்ல வேறு முறை இல்லை.

193 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்தப் புற ஊதா ஒளி, சுற்றுப்புறத்தைக் கருக்காமல் திசுவை நுணுக்கமாக எடுக்கும் என்பதை 1981-இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழியில்தான் முதலில் சோதித்தார்கள். ஆகவே லேசரின் துல்லியத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அது எடுத்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அந்தக் கணக்கை நீங்களே போடலாம். ஒரு பவரைக் குறைக்க ஏறக்குறைய 14 மைக்ரான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 4 பவர், 540 மைக்ரான் கருவிழி உள்ளவருக்கு மூடி 110, லேசர் 56. மிச்சம் 374, கவலையே இல்லை. மைனஸ் 8 பவர், 490 மைக்ரான் உள்ளவருக்கு மூடி 110, லேசர் 112. மிச்சம் 268. மூடிக்குக் கீழே 250 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது நெடுநாளாக உள்ள குறைந்தபட்ச அளவு. 300-க்குக் கீழே இறங்காத மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆக, இரண்டாமவருக்குக் கணக்கு நூலிழையில் தப்புகிறது. "செய்யலாம், சமாளித்துவிடும்" என்று மருத்துவமனையில் யாராவது சொன்னால், அந்த இரண்டாமவர் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. மெலிந்த கருவிழி கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்காமல் ஆண்டுகள் கழித்துக்கூட முன்னால் புடைக்கலாம். அப்படி நேர்ந்தால் சாதாரணக் கண்ணாடி உதவாது. கடின லென்ஸ், கருவிழியை உறுதிப்படுத்தும் சி3ஆர் சிகிச்சை, சிலருக்குக் கருவிழி மாற்று வரை போகும். அரிதான சிக்கல்தான், ஆனால் தவறான கண்ணைத் தேர்ந்தெடுத்தால் நாமே தேடிப்போய் வாங்குவது.

தடிமனைவிடவும் வடிவம் முக்கியம். கருவிழி கூம்பாகும் நோய் தொடக்க நிலையில் இருந்தால் 540 மைக்ரான் இருந்தும் பயனில்லை. லாசிக் கூடவே கூடாது. சிறுவயதிலிருந்து ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தவர்கள், சிலிண்டர் பவர் (கருவிழி வளைவின் சீரின்மைக்கான பவர்) ஏறிக்கொண்டே போகிறவர்கள், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள் இதைச் சொல்லாமல் பரிசோதனை மேசையில் உட்காரவே வேண்டாம். கருவிழி வரைபடம் எடுக்காமல் தேதி கொடுக்கும் இடத்தை நம்ப வேண்டாம். அதை எடுப்பதற்கு முன் மென் லென்ஸை ஓரிரு வாரம், கடின லென்ஸை அதைவிடக் கூடுதலாக நிறுத்தியிருக்க வேண்டும். லென்ஸ் அழுத்திய கருவிழி பொய்யான வடிவத்தைக் காட்டும்.

இங்கே பிஆர்கே பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் அதற்கு இடமே இல்லை, ஏனென்றால் அது வலிக்கும். மூடி அறுப்பதில்லை; ஏறக்குறைய 50 மைக்ரான் மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டு லேசர் போடுகிறார்கள். அந்தத் தோல் மீண்டும் வளர்ந்துவிடும். அதுவரை மூன்று நான்கு நாள் கண் எரியும், நீர் வழியும், வெளிச்சம் கூசும். பார்வை முழுதாகத் தெளிய வாரங்கள் ஆகும். நீண்ட நாள் சொட்டு மருந்து விட வேண்டும், வெயிலில் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். அதிக பவருக்குச் செய்தால் கருவிழியில் மங்கல் படியும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் சற்று மெலிந்த, வடிவத்தில் குறையில்லாத கருவிழிக்கு, நடுத்தரப் பவருக்கு, இது மிக நேர்மையான முறை. கபடி, குத்துச்சண்டை ஆடுகிறவர்களுக்கு நான் லாசிக்கைவிட இதைத்தான் சொல்வேன். லாசிக் மூடி பழைய உறுதியோடு ஒட்டுவதில்லை. பலத்த அடி பட்டால் பல ஆண்டுகள் கழித்தும் நகரக்கூடும்.

ஸ்மைலில் மூடியும் இல்லை, அந்த வலியும் இல்லை. கருவிழிக்குள்ளேயே லேசரால் மெல்லிய வில்லை ஒன்றைச் செதுக்கி, 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக வெளியே எடுக்கிறார்கள். நரம்புகள் குறைவாக அறுபடுவதால் முதல் சில மாதங்களில் கண் உலர்வு லாசிக்கைவிடக் குறைவு. நாள் முழுக்க ஏசி அறையில் கணினித் திரை பார்க்கிறவர்களுக்கு இது சிறிய விஷயமே அல்ல. குறை என்னவென்றால், பவர் கொஞ்சம் மிஞ்சிவிட்டால் லாசிக் மூடியைத் தூக்கித் திருத்துவதுபோல இதில் எளிதாகத் திருத்த முடியாது, செலவும் கூடுதல். மைனஸ் 4 பவர், நல்ல கருவிழி உள்ள ஒருவருக்குச் சில மாதங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பார்வையைத்தான் தருகின்றன. அந்த நிலையில் கண் உலர்வு இருந்தால் ஸ்மைல். இல்லையென்றால் உங்கள் மருத்துவர் அதிகம் செய்து கைதேர்ந்தது எதுவோ அது. சிகிச்சைக்கு முன்பே கண் கடுமையாக உலர்ந்தவர்கள் அதைச் சரிசெய்துகொள்ளாமல் எதற்கும் போகக் கூடாது.

மைனஸ் 8-க்கு மேல் போய்விட்டால், அல்லது கருவிழி மிகவும் மெலிந்திருந்தால், லேசரை மறந்துவிட்டு ஐசிஎல் பற்றிப் பேசுங்கள். கண்பாப்பாவுக்குப் பின்னால், இயற்கை வில்லைக்கு முன்னால் இதைப் பொருத்துகிறார்கள். தேவைப்பட்டால் எடுத்துவிடலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் இது கண்ணுக்குள் நடக்கும் அறுவை. கிருமித் தொற்று அரிது, வந்தால் கடுமை. கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை முந்தி வரலாம். கருவிழியின் உட்புற அணுக்கள் குறைந்தால் மீண்டும் வளராதவை. அவற்றை எண்ணிப் பார்க்க வாழ்நாள் முழுவதும் பரிசோதனைக்குப் போக வேண்டும். செலவிலும் இதுதான் உச்சம்.

நாற்பதை நெருங்குகிறவர்களிடம் யாரும் அழுத்திச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. மைனஸ் 3 பவர் உள்ள ஒரு பெண், 45 வயதில் கண்ணாடியைக் கழற்றி முகத்தருகே பிடித்தால் ஊசியில் நூல் கோர்த்துவிடுவார். மாத்திரை அட்டையின் பொடி எழுத்தையும் படித்துவிடுவார். லேசர் அவரிடமிருந்து அதை எடுத்துக்கொண்டு தூரப் பார்வையைக் கொடுக்கிறது. வெள்ளெழுத்து வந்ததும் படிக்க ஒரு கண்ணாடி வாங்க வேண்டியதுதான். 25 வயதில் செய்துகொண்டால் 15 ஆண்டு சுகம். 42-இல் செய்துகொண்டால் ஒரு கண்ணாடியைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறீர்கள். அந்த வயதில் கண்ணாடிக்கே என் வாக்கு.

கான்டாக்ட் லென்ஸ் பாதுகாப்பானது, லேசர்தான் ஆபத்து என்று நினைப்பதும் சரியல்ல. லென்ஸோடு தூங்குவது, குழாய்த் தண்ணீரில் கழுவுவது இரண்டும் கருவிழியில் புண்ணை வரவழைக்கும் வழிகள். ஒழுங்காகப் பராமரிக்க முடியாதவர் அன்றாடம் மாற்றும் லென்ஸ் வாங்க வேண்டும், அல்லது கண்ணாடியோடு இருக்க வேண்டும்.

வேலை விஷயத்தில் விளையாட வேண்டாம். ரயில்வே உதவி லோகோ பைலட் பணிக்கு லாசிக் உள்ளிட்ட பார்வைத் திருத்த அறுவை செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள். ராணுவத்திலும் சீருடைப் பணிகளிலும் வயது, இடைவெளி, கருவிழித் தடிமன் என்று நிபந்தனைகள் பணிக்குப் பணி மாறுகின்றன. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பயிற்சி மையத்தில் கேட்டதை நம்பாமல் அறிவிக்கையை வரிக்கு வரி படித்த பிறகு கண்ணைத் தொடட்டும். மருத்துவக் காப்பீட்டிலும் 7.5-க்குக் குறைந்த பவருக்கான சிகிச்சைச் செலவை நிறுவனங்கள் விலக்கிவைக்கின்றன.

வரன் பார்க்கும் அவசரத்தில் 19, 20 வயதுப் பெண்களை அழைத்து வருகிற பெற்றோருக்கும் சொல்ல வேண்டும்: 18 நிறைந்தால் மட்டும் போதாது, ஓராண்டாவது பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும். நிற்காத பவரில் செய்தால் மறுபடியும் கண்ணாடி வரும். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் செய்யக் கூடாது. முகூர்த்த நாளைக் கணக்கிட்டுக் கண் அறுவைக்குத் தேதி குறிப்பது அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் அநீதி.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதிக மைனஸ் பவர் உள்ளவரின் விழித்திரை பழைய விழித்திரைதான். அது கிழியும் ஆபத்து லேசரால் குறைவதில்லை. ஆண்டுக்கொருமுறை பாப்பாவை விரித்துப் பார்க்கும் பரிசோதனையை நிறுத்தக் கூடாது. மெலிந்த கருவிழியில் கண் அழுத்த அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எங்கே போனாலும் லேசர் செய்ததைச் சொல்லுங்கள். அறுவைக்கு முந்தைய பவர், கருவிழி அளவுகள், வரைபடம் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதில் கண்புரை அறுவைக்குப் போகும்போது எந்தப் பவரில் வில்லை வைப்பது என்று கணக்கிட அந்த எண்கள் பெரிதும் உதவும்.