24 டெம்ப்ளேட் வாங்கினோம், 9 நிலைத்தது: மூன்று வருட அனுபவம்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் மார்க்கெட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்கள் நான்கு பேர், ஒருவருக்கும் டிசைன் தெரியாது. ஆனால் வாரத்துக்கு இருபது படமாவது வெளியே போக வேண்டும். இன்ஸ்டாகிராம் போஸ்ட், டீலருக்கு ஃபிளெக்ஸ், வாட்ஸ்அப்பில் அனுப்ப விலைப்பட்டியல், கொடிசியா வளாகத்தில் வேளாண் கண்காட்சி வந்தால் பிட் நோட்டீஸ். ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு டிசைனரிடம் போய் நின்றால் ஒரு போன் நம்பரை மாற்றவே இரண்டு நாள் ஆகும். அதனால், எங்கள் லோகோ, நிறம், எழுத்துருவோடு நாங்களே திருத்திக்கொள்ளும் டெம்ப்ளேட்களைச் செய்து வாங்கலாம் என்று முடிவெடுத்தோம்.

2021-ல் முதல் ஆர்டர். ஒரு ஸ்டூடியோ மாதிரிப் படங்களைக் காட்டியது. எல்லாம் ஆங்கிலத்தில், பார்க்க அத்தனை அழகு. உடனே சரி சொல்லி 50 சதவீதம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம். ஃபைல்கள் கைக்கு வந்த அன்று மாலையே பிரச்சினை தொடங்கியது. தமிழ் வரிகளைப் பாமினி என்ற எழுத்துருவில் அடித்திருந்தார்கள். அந்த வகைப் பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தமிழ் தெரியுமே தவிர, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடுதான். வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டினால் அந்த எழுத்துருவில் அது வரவே வராது. அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குவியலாக வந்து விழும். எங்கள் ஊரில் செம்மொழி மாநாடு நடந்த 2010-லேயே தமிழ்நாடு அரசு, எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி படிக்கப்படும் எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் டிசைன் உலகில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொன்னோம். மாற்றிய ஃபைலில் ‘போர்வெல்’ என்ற சொல் உடைந்து நின்றது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் எழுத்து சரியாகச் சேர வேண்டுமென்றால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போஸர் என்பதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அதை அவர்கள் செய்யவில்லை. பவர்பாயிண்ட் ஃபைலில் தலைப்புகளையே படமாக ஒட்டி வைத்திருந்தார்கள். கிளிக் செய்தால் மொத்தப் பக்கமும் நகரும், எழுத்தை மட்டும் மாற்ற வழியில்லை. திருத்தக்கூடிய மூல ஃபைல்களைக் கேட்டபோது அதற்குத் தனி விலை சொன்னார்கள். அந்த ஆர்டரில் இன்றைக்கு எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

2022-ல் மறுபடி ஆர்டர் கொடுத்தபோது மாதிரிப் படம் எதையும் கேட்கவில்லை. ஒரு பக்கத்துக்குச் சில சொற்களை எழுதிக் கொடுத்து, இவை உட்காருகின்றனவா என்று காட்டுங்கள் என்றோம். ஒட்டன்சத்திரம், சத்தியமங்கலம், திருச்செங்கோடு, உடுமலைப்பேட்டை. எல்லாம் எங்கள் டீலர்கள் இருக்கும் ஊர்கள். அப்புறம் ‘விற்பனைக்குப் பிந்தைய சேவை’, ‘நீர்மூழ்கி மோட்டார்’. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் இவை அடங்காது. ஒன்று எழுத்து சின்னதாகிவிடும், இல்லையென்றால் வரி மடங்கி விலையின் மேல் ஏறும். வரி இடைவெளியைக் குறைத்து வைத்திருந்தால் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்ளும். மூன்று இடங்களுக்கு அனுப்பினோம். திருப்பூரிலிருந்த ஒரு சின்னக் குழு மட்டும், பெட்டியை அகலமாக்காமல் எழுத்துருவை மாற்றிக் காட்டியது.

அவர்கள் தேர்ந்தெடுத்தது அனெக் தமிழ். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் 2022-ல் வெளியிட்ட எழுத்துரு, இலவச உரிமத்தில் கிடைக்கிறது. இதில் தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ‘ஒட்டன்சத்திரம்’ வந்தால் ஒடுக்கமான வடிவத்தைப் போட்டால் போதும், எழுத்தை இழுத்து நசுக்க வேண்டியதில்லை. அதே குடும்பத்தில் ஆங்கில எழுத்துருவும் இருப்பதால் ‘5 ஹெச்பி’ என்று எந்த மொழியில் எழுதினாலும் ஒரே கை எழுதியதுபோல இருக்கும். இந்த ஒரு முடிவுக்காகவே அவர்களுக்கு நன்றி சொல்வேன்.

சமூக ஊடக டெம்ப்ளேட்கள் கேன்வா என்ற ஆன்லைன் டிசைன் தளத்தில். ப்ரோ சந்தா எடுத்து, பிராண்ட் கிட்டில் எங்கள் நீலத்தையும் எழுத்துருவையும் ஏற்றிக்கொடுத்தார்கள். சதுரத்துக்கு 1080-க்கு 1080 பிக்சல், ஸ்டோரிக்கு 1080-க்கு 1920. லோகோவும் பின்னணியும் லாக் செய்யப்பட்டிருக்கும். டெம்ப்ளேட் லிங்க்கைத் திறந்தால் ஒவ்வொருவருக்கும் தனி நகல் வருவதால், ஒருவர் செய்த மாற்றம் மூலத்தைத் தொடாது. பவர்பாயிண்ட்டை, எல்லா ஸ்லைடுக்கும் அடிப்படையான ஸ்லைடு மாஸ்டரில் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே பதிக்கும் வசதியையும் காட்டிக்கொடுத்தார்கள்.

மூன்று வருடத்தில் அதிகம் உழைத்தது எதுவென்றால், டீலர் ஃபிளெக்ஸின் அடியில் இருக்கும் ஒரு பட்டை. கடைப்பெயர், ஊர், நம்பர், அவ்வளவுதான். கோபிசெட்டிபாளையத்திலிருந்து டீலர் கூப்பிட்டு, “நம்பர் மாறிப்போச்சுங்க, சாயங்காலத்துக்குள்ள ஃபிளெக்ஸ் அடிக்கணுமுங்க” என்பார். முன்பு இந்த போன் வந்தாலே பதற்றம். இப்போது எங்கள் அலுவலக உதவியாளரே பத்து நிமிடத்தில் மாற்றி அனுப்பிவிடுகிறார். ஆறுக்கு நாலு அடி, பத்துக்கு எட்டு அடி என்று இரண்டு அளவுதான் வைத்திருக்கிறோம், அதிலேயே பெரும்பாலான கடைகளின் தேவை முடிந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. திரையில் பளிச்சென்று இருக்கும் எங்கள் நீலம் அச்சில் மங்கிவிடும். திரையின் ஆர்ஜிபி நிறமுறையில் வரும் சில நீலங்களை அச்சு மையின் சிஎம்ஒய்கே நிறமுறையில் கொண்டுவரவே முடியாது. முதல் தடவை ஐயாயிரம் பிட் நோட்டீஸ் அடித்து முடித்த பிறகுதான் பார்த்தோம், மனசு கனத்துவிட்டது. அச்சுக்கென்று தனி நீலத்தை முதலிலேயே முடிவு செய்து, அதைக் காகிதத்தில் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். நோட்டீஸ் டெம்ப்ளேட்டில் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம், விட்டிருந்தது மட்டும் காப்பாற்றியது, ஓரத்தில் வெள்ளைக் கோடு விழவில்லை.

இன்னொன்று எண்ணிக்கை. 24 வாங்கினோம், 9 மட்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. மகளிர் தினம், யோகா தினம் என்று ஆசைக்குச் சேர்த்தவை எல்லாம் ஒரு தடவையோடு சரி. அந்தப் பணத்தில் பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் இரண்டிரண்டு வாங்கியிருக்கலாம். ஒரே ஆயுத பூஜைப் படத்தை மூன்று வருடம் போட்டோம், மூன்றாம் வருடம் டீலர்களே கேட்டுவிட்டார்கள்.

உரிமை விஷயத்தை மட்டும் யாரும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பணம் கொடுத்துவிட்டதாலேயே டிசைன் நம்முடையது என்று நாங்களும் நினைத்தோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எங்களுக்கு இலங்கையிலும் டீலர்கள் இருப்பதால், இரண்டாவது ஒப்பந்தத்தில் காலம், இடம், மூல ஃபைல் மூன்றையும் எழுதி வாங்கினோம். பேரம் பேசும்போதே கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த இரண்டாவது வேலைக்கு 42,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஆனது.

இந்தப் பொங்கலுக்குப் புதிதாக ஆறு மட்டும் அதே திருப்பூர்க் குழுவிடம் கொடுத்திருக்கிறோம். சொற்பட்டியலில் இந்தமுறை ‘கிளிநொச்சி’யையும் ‘முல்லைத்தீவை’யும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.